குழந்தைகள் தூங்கியதும் தொடங்கும் ஆர்டர்கள்: களைத்துப்போன பெற்றோர் கைச்செலவைப் பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கணவன், மனைவி இருவருக்கும் வேலை. 4 வயதில் ஒரு குழந்தை, 10 மாதத்தில் ஒரு குழந்தை. வருமானம் போதுமானதுதான். ஆனால் மாலையில் சமைக்க முடியாமல் வரவழைக்கும் சாப்பாடும், இரவு போனைப் பார்த்துக்கொண்டே செய்யும் சின்னச் சின்ன ஆர்டர்களும் சேர்ந்து மாதக் கடைசியில் பெரிய கார்டு பில்லாக வந்து நிற்கின்றன. பட்ஜெட் போட்டால் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

பட்ஜெட் தாங்காததற்குக் காரணம், அதைப் போடுகிற ஆளும் செலவு செய்கிற ஆளும் வேறு வேறாக இருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர் ஓரளவு தூங்கி எழுந்தவர். இரவு 10.40க்குக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் போனைத் தள்ளுகிறவர், முந்தைய இரவு மூன்று தடவை எழுந்தவர். தூக்கம் கெட்டால் உடனே கிடைக்கும் சின்னச் சந்தோஷத்துக்கு மனம் அதிக மதிப்புக் கொடுக்கும், "வேண்டாம்" என்று நிறுத்தும் பிடி தளரும். எனவே திட்டத்தை அந்த 10.40 ஆளுக்காகப் போட வேண்டும். அவரிடம் மன உறுதி மிச்சம் இருக்காது என்று வைத்துக்கொண்டே போட வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் செலவு முழுவதும் வீண் இல்லை. ஒவ்வொரு ஆர்டரும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது: அரை மணி நேர ஓய்வை வாங்குகிறது, குற்ற உணர்வைத் தணிக்கிறது, "நாளை முதல் வீடு ஒழுங்காகிவிடும்" என்ற நம்பிக்கையைத் தருகிறது. உண்மையிலேயே ஓய்வு தந்த செலவு எது, ஆர்டர் பட்டனை அழுத்திய அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் இதமாக இருந்த செலவு எது என்று பிரிப்பதுதான் பாதி வேலை. முதல் வகையைத் தக்கவைத்துக்கொள்ளலாம், சில வீடுகளில் கூட்டவும் செய்யலாம். இரண்டாவது வகையைத்தான் அடைக்க வேண்டும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

கடந்த 60 நாள் செலவை எடுங்கள். கார்டு ஸ்டேட்மென்டில் பெரும்பாலும் தேதி மட்டும்தான் இருக்கும், மணி இருக்காது. மணி தெரிய வேண்டுமானால் யுபிஐ ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியல், ஷாப்பிங் ஆப்பின் ஆர்டர் வரலாறு, வங்கி எஸ்எம்எஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எதையும் எழுத வேண்டாம். முன்கூட்டித் திட்டமிடாமல் செய்தவை மட்டும் போதும். ஒரு தாளில் நான்கு கட்டம்: என்ன நேரம், எவ்வளவு, என்ன பொருள், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது. கடைசிக் கட்டத்தைப் பாதிக்குத்தான் நினைவுபடுத்த முடியும், அதுவே போதும்.

பொதுவாக இரண்டு குவியல்கள் தெரியும். ஒன்று மாலை 6.30 முதல் 8 வரை, இன்னொன்று இரவு 9.30க்கு மேல். சில வீடுகளில் அதிகாலைப் பால் நேரத்திலும் ஒரு சின்னக் குவியல் இருக்கும். எல்லா நேரத்துக்கும் ஒரே பூட்டுப் போட்டால் வேலைக்கு ஆகாது. மாலைக் குவியல் பசியால் வருவது, சமையலறையில்தான் அதைத் தீர்க்க முடியும். இரவுக் குவியலுக்குப் போனில் மருந்து போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிற சின்னத் தொகைகள்தான் கண்ணில் படும். யார் பெயரில் அதிகப் பதிவுகள் இருக்கின்றனவோ அவர்தான் ஊதாரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவர் 350 ரூபாய் வீதம் முப்பது தடவை வாங்கியிருப்பார். மற்றவர் ஒரே தடவையாக 14,000 ரூபாய் ஹெட்போனை இஎம்ஐயில் எடுத்திருப்பார், அது "திட்டமிட்ட செலவு" என்று பட்டியலுக்கே வந்திருக்காது. இரண்டும் களைப்பில் வாங்கியதாக இருக்கலாம்.

மாலைப் பசி

பலர் இங்கே செய்யும் தவறு, "இனி வெளிச் சாப்பாடே கிடையாது" என்று முடிவெடுத்து, காய்கறி, பருப்பு, சிறுதானியம் எல்லாம் வாங்கி நிரப்புவது. 7 மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவருக்கு வெண்டைக்காய் நறுக்கத் தெம்பு இருந்தால் அவர் ஏன் ஆப்பைத் திறக்கப் போகிறார்? கத்திரிக்காய் வாடும், ஆர்டரும் நடக்கும், செலவு இரட்டிப்பாகும்.

களைப்பு நாளுக்கென்று தனியாக ஒரு சாப்பாட்டுப் பட்டியல் வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: நறுக்கும் வேலை இருக்கக் கூடாது, ஒரே பாத்திரம், 15 நிமிடத்துக்குள் தட்டுக்கு வர வேண்டும். சுவை சுமாராக இருந்தால் போதும். தோசை மாவும் பொடியும் நல்லெண்ணெயும் ஒன்று. வீட்டில் அரைக்க முடிந்தால் நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். முடியாவிட்டால் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் மாவு. அதை வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் ஒரு கப் அரிசிச் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கிளறி, அப்பளம் பொரித்தால் பெரியவர்கள் இருவருக்குப் போதும். பிள்ளைக்குத் தயிர்சாதம். முட்டை எப்போதும் ஆறாவது இருக்க வேண்டும். வறுத்த சேமியா, ஃப்ரீசரில் பட்டாணி.

இன்னொரு வழி நம் ஊர் மெஸ்களும் சின்ன ஹோட்டல்களும். சோற்றை மட்டும் வீட்டுக் குக்கரில் வைத்துவிட்டு சாம்பார், காரக்குழம்பு, பொரியலை மட்டும் பார்சல் வாங்கலாம். வேலையில் பெரும்பகுதி குழம்பிலும் காயிலும்தான் இருக்கிறது. சோறு வைக்க ஐந்து நிமிடக் கைவேலை. நேரில் போய் வாங்கினால் டெலிவரிக் கட்டணமும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் இல்லை, மெனுவைப் பார்த்துப் பார்த்து ஸ்டார்ட்டரையும் ஐஸ்கிரீமையும் சேர்க்கும் வேலையும் இல்லை.

அதற்கு மேலும் மாதம் நான்கு தடவை ஆப்பில் சாப்பாடு வரவழைக்க இடம் வையுங்கள். நாளையும் முன்பே குறித்துவிடுங்கள். வியாழக்கிழமை பல வீடுகளில் சரியாக வரும்: வாரக் களைப்பு உச்சத்தில் இருக்கும், வீட்டில் காயும் தீர்ந்திருக்கும். "நாளைக்கு ஆர்டர் நாள்" என்று தெரிந்தால் புதன்கிழமை தோசையோடு நிறுத்துவது எளிது.

இரவு 10 மணிக்கு மேல்: போனில் செய்ய வேண்டியவை

இவற்றைப் பகலில், தெளிவாக இருக்கும்போது, ஒரே தடவையாகச் செய்யுங்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

முதலாவது, யுபிஐயைச் சம்பளக் கணக்கிலிருந்து பிரியுங்கள். ஏற்கெனவே இருக்கும் இன்னொரு சேமிப்புக் கணக்கை மட்டும் யுபிஐ ஆப்பில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை அதற்குள் குறிப்பிட்ட தொகையைப் போடுங்கள். சம்பளக் கணக்கை ஆப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள். "இரண்டும் இருக்கட்டும், கவனமாக இருப்பேன்" என்றால் முதல் வாரத்திலேயே மாற்றிப் போட்டுவிடுவீர்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். கணக்கில் பணம் தீர்ந்தாலும் கடனிலிருந்து போகும் வழி அதுதான்.

சின்னத் தொகைகளை வேகமாகக் கட்டுவதற்கான யுபிஐ லைட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் யுபிஐ ரகசிய எண் கேட்காது. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதன் வரம்பை ஒரு தடவைக்கு 1,000 ரூபாயாகவும், மொத்த இருப்பை 5,000 ரூபாயாகவும் உயர்த்தியது. ரகசிய எண்ணைத் தட்டும் அந்த நான்கு நொடிதான் பல ஆர்டர்களில் மிச்சமிருந்த ஒரே தடை. டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் லைட் வசதியாக இருந்தால் 500 ரூபாய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள்.

அடுத்து, சேமித்து வைத்த கார்டுகள். 2022 அக்டோபர் 1 முதல் ஆப்களும் கடைகளும் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்திருக்கக் கூடாது, டோக்கனை (கார்டு எண்ணுக்குப் பதிலாக வரும் மாற்றுக் குறியீட்டை) மட்டுமே வைக்கலாம். ஆப்பில் "சேமித்த கார்டு" என்று தெரிவது அந்த டோக்கன்தான். ஒவ்வொரு ஆப்பிலும் போய் நீக்கலாம். அல்லது கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ எந்தெந்த நிறுவனத்திடம் உங்கள் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து மொத்தமாக நீக்கலாம். பிறகு வாங்க வேண்டுமானால் எழுந்துபோய் கார்டை எடுத்து 16 எண்ணையும் அடிக்க வேண்டும். கார்டை பீரோவில் வைத்தால், தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைதான் நமக்கு வேண்டியது.

கார்டில் ஆன்லைன் பயன்பாட்டையே அணைத்துவைக்கவும், வரம்பைக் குறைக்கவும் எல்லா வங்கிகளும் வசதி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு உத்தரவு. சிக்கல் ஒன்று உண்டு: முழுவதும் அணைத்தால் அதே கார்டில் போகும் இன்சூரன்ஸ் தவணை, பிராட்பேண்ட் பில் போன்ற தானியங்கிக் கட்டணங்கள் தவறிப்போகலாம். அதனால் முதலில் அவற்றை வேறு டெபிட் கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ மாற்றிவிட்டு அணையுங்கள். இல்லையென்றால் ஆன்லைன் வரம்பை அந்தத் தவணைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள்.

மூன்றாவது, "இப்போது வாங்கு, பிறகு கட்டு" கணக்குகள். ஆப்பை நீக்கினால் கணக்கு போகாது. நிலுவையைக் கட்டி, கணக்கை மூடச் சொல்லி, நிலுவை இல்லை என்ற உறுதியை மின்னஞ்சலில் வாங்குங்கள். பெரும்பாலும் இவை சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில்) கடனாகவே பதிவாகும். 600 ரூபாய் டயப்பர் பில்லை மறந்து தாமதித்தது வீட்டுக்கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

சந்தாக்களைப் பொறுத்தவரை, கார்டில் தானாக எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் வரும் நாளில் ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். மறந்துபோன பாட்டு ஆப், கதை ஆப் இரண்டாவது கிடக்கும்.

ஷாப்பிங் ஆப்களை எல்லாம் நீக்கச் சொல்லும் அறிவுரை கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. இரவு 11 மணிக்குப் பால் பவுடர் தீர்ந்தால் பத்து நிமிட டெலிவரி நிஜமாகவே தேவை. எனவே அந்த ஒரு ஆப்பை யாராவது ஒருவர் போனில் மட்டும் வையுங்கள், நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். துணி, பொம்மை, வீட்டு அலங்காரம் விற்கும் ஆப்களை நீக்கலாம். பிரவுசரில் போய் வாங்கிக்கொள்ள முடியும், ஆனால் அதற்கு லாகின் செய்யும் பொறுமை வேண்டும்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன", "09:59 நிமிடங்களில் சலுகை முடியும்" போன்ற போலி அவசரம், கேட்காமலே கூடையில் சேர்க்கும் கூடுதல் பொருள், "வேண்டாம், எனக்குச் சேமிப்பில் ஆர்வமில்லை" என்று கூச்சப்பட வைக்கும் பட்டன் எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் தடைசெய்த 13 தந்திரங்களுக்குள் வருபவை. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இரவு 11 மணிக்கு யாரும் புகார் செய்யப் போவதில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கடிகாரம் பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்திருந்தால் பாதி அவசரம் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ஆர்டர் போகத்தான் செய்யும். அதற்கு இரண்டாவது வேலி: காலை 7 மணி ரத்து. சாதாரண ஆன்லைன் ஆர்டர்கள் பெரும்பாலும் மறுநாள்தான் கிடங்கிலிருந்து கிளம்பும். அதற்குமுன் ரத்து செய்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. பால் காய்ச்சும்போது ஆர்டர் பட்டியலைத் திறந்து, "இது இன்றைக்கும் வேண்டுமா?" என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பத்து நிமிட டெலிவரியில் இது செல்லாது, அதனால்தான் அந்த ஆப்பை ஒரே போனில் வைக்கச் சொன்னேன். பொருள் வந்த பிறகு வாசலில் திருப்பி அனுப்புவதை வழக்கமாக்க வேண்டாம். அடிக்கடி செய்தால் உங்களுக்கு கேஷ் ஆன் டெலிவரி வசதியே நின்றுபோகலாம், டெலிவரி செய்பவரின் உழைப்பும் வீண்.

வந்த பார்சலைப் பிரிக்காமல் ஓர் இடத்தில் வைத்து சனிக்கிழமை காலை பிரியுங்கள். திருப்பி அனுப்பும் காலம் பல பொருள்களுக்கு 7 அல்லது 10 நாள், சனிக்கிழமை அதற்குள் வந்துவிடும். உள்ளாடை, திறந்த பேபி வைப்ஸ், உணவு போன்றவற்றைத் திருப்ப முடியாது என்பதால் இது எல்லாவற்றுக்கும் உதவாது.

வேண்டும் என்று தோன்றியதை எங்கே குறித்துவைப்பது? ஆப்பின் கூடையில் மட்டும் வேண்டாம். கூடையில் போட்டால் "நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று அதுவே துரத்தும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்: பொருள், விலை, தேதி. 1,000 ரூபாய்க்குள் இருந்தால் வரும் சனிக்கிழமை வரை, அதற்கு மேல் என்றால் அடுத்த சம்பளம் வரை காத்திருக்கட்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆன்லைன் விற்பனை என்றால் விற்பனை தொடங்கும் முன்பே அந்தத் தாளில் இருந்தவற்றை மட்டும் வாங்குங்கள்.

குழந்தைக்காக வாங்குவது

மற்றதை நிறுத்திவிடலாம், இதை நிறுத்துவதுதான் கடினம், ஏனென்றால் இதற்கு அன்பு என்று பெயர். நள்ளிரவு 2 மணிக்குக் குழந்தை தூங்கவில்லை என்றால் தேடலில் என்னென்னவோ வரும்: மின்தொட்டில், தூங்க வைக்கச் சீரான ஓசை எழுப்பும் கருவி, விசேஷத் தலையணை. நிலைமையைச் சரிசெய்ய ஏதோ செய்தோம் என்ற ஆறுதலைத் தருகிறது ஆர்டர். ஆனால் குழந்தையின் தூக்கமும் பசியும் வாரத்துக்கு வாரம் மாறுபவை. பார்சல் வருவதற்குள் பிரச்சினை வேறொன்றாகியிருக்கும்.

ஒரே விதி போதும்: தூக்கம், பால், வளர்ச்சி சம்பந்தமான எந்தக் கருவியையும் இரவு 9 முதல் காலை 7 வரை வாங்குவதில்லை. காலையில் இரண்டு கேள்வி. அடுத்த தடுப்பூசி நாளில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கலாமா? அக்கா வீட்டிலோ, எதிர் ஃப்ளாட்டிலோ சும்மா கிடப்பதைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் பார்க்கலாமா? தொட்டில், ஸ்ட்ரோலர், உயர நாற்காலி எல்லாம் சில மாதத்தில் பரணுக்குப் போகும் பொருள்கள். இப்படி வாங்குபவற்றில் சில ஆபத்தானவையும்கூட. ஒரு வயதுக்குள் தூங்குமிடத்தில் தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. சக்கரம் வைத்த நடைவண்டி வாக்கரைக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை, கனடா 2004லேயே அதைத் தடைசெய்தது.

டயப்பர் விஷயம் வேறு. அது தீர்ந்துபோவதுதான் பிரச்சினை. இந்த வயதில் ஒரு நாளைக்கு ஐந்தாறு என்றால் மாதம் 150 முதல் 180. மாதத்துக்கு ஒரே ஆர்டராகப் போட்டு, கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள். அளவு மாறும் சமயத்தில் மட்டும் சின்னப் பாக்கெட். இரவில் டயப்பர் தீர்ந்து அவசரமாக ஆர்டர் போடும்போது "இன்னும் 120 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று வரும். 30 ரூபாயை மிச்சம்பிடிக்க சாக்லேட்டும் சிப்ஸும் சேரும். மளிகைக்கு இன்றும் சிறந்த ஆப் அண்ணாச்சி கடையின் போன் நம்பர்தான். பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினால் பட்டியலில் உள்ளது மட்டும் வரும்.

வேலையிலிருந்து திரும்பும்போது குற்ற உணர்வில் வாங்கும் பொம்மை, முட்டை வடிவ சாக்லேட் பற்றி: கடைக்குள் நுழையும் முன்பே 4 வயதுப் பிள்ளையிடம் "இன்னைக்குப் பால் மட்டும். சனிக்கிழமை உனக்குப் பிடிச்சது ஒண்ணு" என்று சொல்லிவிடுங்கள். அழுதால் ஐந்து தடவை மறுத்துவிட்டு ஆறாவது தடவை வாங்கித் தருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆறு தடவை கேட்டால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். வாங்கித் தருவதாக இருந்தால் முதல் தடவையிலேயே வாங்கித் தாருங்கள்.

ஆன்லைன் வகுப்பு, மூளை வளர்ச்சிப் பாடத்திட்டம் போன்றவற்றை விற்பவர்கள் மாலை 8 மணிக்கு மேல்தான் அழைப்பார்கள். அதை இஎம்ஐயில் எடுத்தால் நீங்கள் கையெழுத்திடுவது பெரும்பாலும் ஒரு தனிக் கடன் நிறுவனத்திடம். வகுப்பை நிறுத்தினாலும் கடன் தானாக நிற்காது. ஆப் வழியாகக் கொடுக்கப்படும் கடனில், அபராதம் இல்லாமல் வெளியேற ஓர் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவரத் தாளில் இருக்கும். அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேறலாம். மறுநாள் காலையே அந்தத் தாளைப் படியுங்கள்.

பணத்தை எங்கே திருப்பிவிடுவது

60 நாள் பட்டியலில் மாதத்துக்கு 14,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பூஜ்யமாக்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் அடக்கிவிட்டு மூன்றாவது வாரம் அணை உடையும். 8,000 ரூபாயைத் தைரியமாக ஒதுக்குங்கள். உதாரணமாக, ஆப் சாப்பாடு நான்கு தடவைக்கு 2,000. பாத்திரம் துலக்க, வீடு கூட்ட ஓர் உதவியாளருக்கு 3,500 (சம்பளம் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும்). கணவன், மனைவி ஆளுக்கு 1,000, கணக்குக் கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு 500. உதவியாளர் சம்பளம் போக மிச்சமுள்ள 4,500ஐ வாரத்துக்கு 1,100 வாக்கில் யுபிஐ கணக்கில் போடுங்கள். மாத ஆரம்பத்தில் மொத்தமாகப் போட்டால் பத்தாம் தேதிக்குள் போய்விடும்.

இதில் 3,500தான் முக்கியமான செலவு. இரவு ஆர்டர்களில் கரைந்த பணம் பலருக்கு ஒரு மணி நேர ஓய்வைக்கூட வாங்கித் தருவதில்லை. பாத்திரம் துலக்கும் வேலை கையைவிட்டுப் போனால் தினமும் 40 நிமிடம் திரும்பக் கிடைக்கும். "வேலைக்கு ஆள் வைக்கும் அளவுக்கு நாம் பெரிய ஆளா?" என்று தயங்குகிறவர்கள், அதே பணத்தைப் பிளாஸ்டிக் டப்பாக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணமில்லாமல் கிடைக்கும் ஓய்வு தூக்கம். இரவை இரண்டாகப் பிரியுங்கள்: ஒருவர் 9.30 முதல் 2 வரை தடையில்லாமல் தூங்க, மற்றவர் 2 முதல் 6.30 வரை. தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில், பால் கொடுப்பது மட்டும் தாய், குழந்தையை எடுத்து வருவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது அப்பா என்று வைத்தாலும் கணிசமான நேரம் மிச்சமாகும். கூடவே வாரத்தில் ஆளுக்கு இரண்டு மாலை, 8 முதல் 9.30 வரை, யாரும் கூப்பிடாத நேரம். இரவு போனில் மேய்வதே நாள் முழுவதும் கிடைக்காத அந்தத் தனிமைக்காகத்தான். அது வேறு வழியில் கிடைத்துவிட்டால் போன் தானாகக் கீழே இறங்கும். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் உதவும்.

இதையெல்லாம் துணையோடு பேசும் நேரம் சனிக்கிழமை காலை டிபனுக்குப் பிறகு, 20 நிமிடம். பில் வந்த இரவில் பேசாதீர்கள். "நீ வாங்கியது" என்று தொடங்காமல் "வியாழன் இரவு மூன்று ஆர்டர்" என்று எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1,500 ரூபாய்க்கு மேல் என்றால் இருவரும் கேட்டுக்கொள்வது என்று ஓர் எல்லை. பார்சலை ஒளித்துவைக்கும் பழக்கம் தொடங்கியிருந்தால், எல்லை மிக இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். ஆளுக்கு ஆயிரம் என்பதை உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதிகமாக வாங்குகிறவர்தான் இரவில் அதிகம் எழுகிறவர். பேச வேண்டியது அந்த வேலைப் பங்கீட்டைப் பற்றித்தான்.

ஏற்கெனவே கார்டில் கடன் நின்றிருந்தால்

40,000 ரூபாய் நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652. குறைந்தபட்சத் தொகை என்று 2,000 கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய்தான். அதைவிட மோசமானது, நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கிய பாலுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். எனவே நிலுவை தீரும்வரை அந்தக் கார்டில் ஒரு ரூபாய்கூடத் தேய்க்கக் கூடாது. வங்கி நகைக்கடன் இதைவிடப் பல மடங்கு மலிவு, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கார்டின் வரம்பையும் அன்றே குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பதிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, கடை அதைத் தள்ளுபடியாக ஈடுகட்டுகிறது. வட்டி மீதான ஜிஎஸ்டியும், இருந்தால் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

களைப்பே நோயாக இருக்கும்போது

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால் உடம்பைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் தைராய்டு தடுமாறுவதும் உண்டு. ஹீமோகுளோபின் (ரத்தசோகைக்கு), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு) இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். சோர்வை "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையோ வெறுமையோ தொடர்ந்து, வாங்கும் அந்த நேரத்தில் மட்டும் உயிர் வந்தது போல இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அப்பாக்களுக்கும் வரும். இதற்கு நேரெதிரான நிலை இன்னும் அவசரம்: மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் திட்டங்களும் பெருகி, திடீரென்று பெரிய தொகைகளைச் செலவு செய்கிறார் என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, காய்ச்சல் வாரம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகச் சளி பிடித்து யாரும் தூங்காத வாரம் வருடத்தில் பலமுறை வரும். அந்த வாரம் எந்த விதியும் நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. அதற்கென்று 2,000 ரூபாயைத் தனியாக வைத்து, மூன்று வேளையும் வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுங்கள். சனிக்கிழமைக் கணக்கை அந்த வாரம் விட்டுவிட்டு, எல்லோரும் இரண்டு இரவு தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜ் தாளைப் புதிதாக ஒட்டுங்கள்.